பாதி மாத்திரையும் மிளகு மூட்டையும்

போன வாரம் ஒரு போன் வந்தது. என்னோடு வேலை பார்த்த ஒருவரின் மகள். பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்த கையோடு, அடுத்து என்ன படிக்கலாம் என்று ஊரையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த ஊரில் நானும் ஒருத்தி. "ஆன்ட்டி, எச்.ஐ.வி. ஃபெலோஷிப்னு ஒரு வருஷம் இருக்கே, நீங்க பண்ணுனதுதானே? அதுக்குப் போய் ஒரு வருஷமா? இப்பதான் தினம் ஒரு மாத்திரைன்னு ஆயிடுச்சே. ஒரு மாத்திரைய எழுதிக் குடுக்க ஒரு வருஷம் படிக்கணுமா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நல்ல பெண், கெட்டிக்காரி. அதனால் வாயை அடக்கிக்கொண்டு, "அடுப்புல பால் வச்சிருக்கேன் கண்ணு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்றவர்களுக்கு இப்படி ஒரு வசதி. கோபம் வந்தால் போனை வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதலாம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பெயர்கள் எல்லாம் மாற்றியவை. கொல்லிமலையில் சில ஊர்களைச் சேர்த்து ஒரு நாடு என்பார்கள்; வளப்பூர் நாடு என்று நான் எழுதுகிற இடம் பைல் நாடாகவும் இருக்கலாம், இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம். மலைக்காரர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு "இது அவங்கதானே" என்று துப்புத் துலக்கக் கிளம்பினால் ஏமாந்துதான் போவார்கள்.

எனக்குச் சொந்த ஊர் மலைக்குக் கீழே பேளுக்குறிச்சி. எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, மேலே செம்மேட்டுப் பக்கம் சுகாதார நிலையத்தில் பல வருடம் இருந்தேன். பிரசவம், பாம்புக்கடி, பலா மரத்திலிருந்து விழுந்தது, மிளகு பறிக்க ஏறி விழுந்தது, காய்ச்சல். நடுவில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், மாமியாருக்குக் கண் ஆபரேஷன். எனக்கு எம்.டி. சீட் கிடைத்தபோது என் கூடப் படித்தவர்கள் துறைத் தலைவர்களாகி, சிலர் சர்க்கரை நோயாளிகளாகவும் ஆகியிருந்தார்கள். சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று வந்தவர்களைக் கீழே அனுப்புவதோடு எங்கள் வேலை முடிந்துவிடும். போனவர்கள் மருந்து வாங்கினார்களா, பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார்களா, ஒன்றும் தெரியாது. அந்தத் தெரியாமை என்னை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் ஐம்பதை நெருங்கும் வயதில், அடிவாரத்து நகரம் ஒன்றில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் அந்த ஒரு வருடப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். "பேரன் எடுக்கற வயசுல பையைத் தூக்கிட்டுப் பள்ளிக்கோடம் போறியே" என்றார் என் வீட்டுக்காரர். போனேன்.

கூடச் சேர்ந்தவர்கள் இரண்டு பையன்கள், முப்பதைத் தொடாதவர்கள். என்னை அக்கா என்றார்கள். காலையில் வார்டு, மதியம் வெளிநோயாளிகள், சாயங்காலம் பாடம். காசநோயும் இதுவும் கூட்டுச் சேர்ந்தால் எந்த மருந்து எந்த மருந்தோடு சண்டை போடும், சிறுநீரகத்தை எப்போது பார்க்க வேண்டும், கர்ப்பிணிக்கு என்ன, கைக்குழந்தைக்கு என்ன என்று தலை கிறுகிறுக்கப் படித்தோம். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தே படித்துக்கொள்ளலாம். புத்தகத்தில் கிடைக்காத ஆள் எங்கள் சீஃப்.

பெயர் குமரேசன் என்று வைத்துக்கொள்வோம். சேலத்துக்காரர். என் கடைசித் தம்பி வயசுதான் இருக்கும். அவரை "சார்" என்று கூப்பிட முதல் வாரம் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது வாரம் தானாக வந்துவிட்டது. மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாங்கள் ஏதாவது தப்புச் செய்தால் நிமிர்ந்து பார்த்து, "டீ சொல்லட்டுங்களா?" என்பார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டோம். டீ வரும். அதைக் குடித்து முடிக்கிற வரைக்கும், அந்த நோயாளிக்கு நாம் என்ன செய்தோம், அதனால் அவர் வீட்டில் என்ன நடக்கும் என்று நம் வாயாலேயே சொல்ல வைப்பார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அந்த ஆஸ்பத்திரியில் டீ நன்றாக இருக்கும் என்று வெளியாட்கள் சொல்வார்கள். எங்கள் மூன்று பேருக்கும் அது கஷாயம்.

அவருக்கென்று சில முறைகள் இருந்தன. அவருடைய அறையில் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் மேஜை கிடையாது. மேஜை சுவரோரமாகக் கிடக்கும். வெளியே உட்கார்ந்திருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். கூப்பிடவும் விட மாட்டார். தானே எழுந்து கதவு வரைக்கும் போய், ஆளைப் பார்த்துத் தலையை அசைத்து உள்ளே கூட்டிவருவார். ஆஸ்பத்திரிக்கு வெளியே எங்கே பார்த்தாலும் நோயாளி வணக்கம் சொல்லாமல் நாம் வணக்கம் சொல்லக் கூடாது, தெரிந்த முகம் மாதிரி காட்டிக்கொள்ளவும் கூடாது. இந்த ஒன்றுதான் எனக்கு உயிர் போகிற கஷ்டமாக இருந்தது. பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போனால் மலையிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். அதில் யார் எங்கள் நோயாளி, யார் இல்லை என்று பிரித்துப் பார்த்துச் சிரிக்க முடியுமா? யாரைப் பார்த்தும் சிரிக்காமல் நடக்கப் பழகினேன். "பெரிய படிப்பு படிச்சதும் டாக்டரம்மாளுக்கு மண்டக்கனம் ஏறிப்போச்சு" என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும்விட அவர் பிடிவாதமாக இருந்தது ஒரு விஷயத்தில். "மாத்திரை ஒழுங்காச் சாப்புடறீங்களா?" என்று நாங்கள் யாரும் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் யாராக இருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நாம் கேட்ட கேள்விக்கு அவர்கள் கொடுக்கிற மரியாதை அது, தகவல் இல்லை என்பார். அதற்குப் பதிலாக, "ஊட்டுல எப்படி எடுத்துக்குவீங்களோ அப்படியே எடுத்துக் காட்டுங்க" என்று சொல்ல வேண்டும். புட்டியை அவர்கள் கையாலேயே திறக்க விட வேண்டும். பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். இதைச் செய்ய ஐந்து நிமிஷம் ஆகும். வெளியே கூட்டம் நிற்கும்போது ஐந்து நிமிஷம் என்பது எவ்வளவு பெரிய தொகை என்று டாக்டர்களுக்குத்தான் தெரியும். கூட இருந்த பையன்கள் இதை "சீஃப்போட நாடகம்" என்பார்கள், அவர் இல்லாத நேரமாகப் பார்த்து.

அந்த நாடகம் என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பூங்கொடி வளப்பூர் நாட்டிலிருந்து வந்தாள். முதல் பிரசவம். கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற சாதாரணப் பரிசோதனையில் தெரிந்தது. புருஷன் பெரியசாமி கல்யாணத்துக்கு முன்னால் போர்வெல் லாரியில் வடக்கே போய்ச் சில வருடம் வேலை பார்த்தவர். இப்போது மலையில் சொந்தமாகக் கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி. அவளுக்கு உடனே மாத்திரை ஆரம்பித்தோம். அப்போதும் ஒரே மாத்திரைதான், ராத்திரிக்கு ஒன்று. தாய் உடம்பில் கிருமியை அடக்கிவிட்டால் குழந்தைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். அதுதான் கணக்கு, அதுதான் எல்லாமும். பூங்கொடி மாதம் தவறாமல் வந்தாள். ஒரு பஸ்ஸைக்கூடத் தவற விட்டதில்லை. மாத்திரையை எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கும். வயிறும் நன்றாக வளர்ந்தது. எனக்கு அவளைப் பார்த்தாலே சந்தோஷமாக இருக்கும்.

ஏழாவது மாதத்தில் ரத்தத்தில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்கிற பரிசோதனை முடிவு வந்தது. இறங்கியிருக்க வேண்டியது இறங்கவே இல்லை.

"பொய் சொல்றாங்க அக்கா. மாத்திரைய எங்கியோ கொட்டிட்டு வந்து கணக்குக் காட்டறாங்க" என்றான் பையன்களில் ஒருவன். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தில் பொய் தங்குகிற இடமே கிடையாது. அவளை உட்கார வைத்தேன். "முழுங்க வேண்டாம் கண்ணு. ராத்திரி ஊட்டுல எப்படி எடுப்பியோ அப்படியே எடுத்துக் காட்டு, பார்க்கலாம்" என்றேன்.

அவள் பையிலிருந்து புட்டியை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். ஒரு மாத்திரையை உள்ளங்கையில் தட்டிக்கொண்டாள். எல்லாம் சரி. அப்புறம் மேஜை மேலே, ஜன்னல் மேலே என்று கண்ணை ஓட்டினாள். தண்ணீர் தேடுகிறாள் என்று நினைத்து டம்ளரை நகர்த்தி வைத்தேன்.

"தண்ணி இருக்குதுங்க. பாக்குவெட்டி இருக்குங்களா டாக்டரம்மா?" என்றாள்.

"பாக்குவெட்டியா? எதுக்கு?"

"வெட்டறதுக்குத்தானுங்க. ஊட்டுல மாமியாளோடது இருக்கு. அதுல வெச்சு ஒரு அழுத்து அழுத்துனா ரெண்டாப் போயிருமுங்க. பாதி எனக்கு, பாதி அவருக்கு."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவள் எதையும் மறைக்கவில்லை. இத்தனை மாதம் நாங்கள் கேட்டதெல்லாம் தினமும் ஒரு மாத்திரை தீருகிறதா என்றுதான். தினமும் ஒரு மாத்திரை தீர்ந்துகொண்டுதான் இருந்தது. மலையில் ஒரு வீட்டுக்கு ஒரு பலாப்பழம் வந்தால் அடுத்த வீட்டுக்குச் சுளை போகாமல் இருக்காது. ஒரே சீக்கு இருக்கிற புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருந்தைத் தனியாக விழுங்கவா அவளுக்கு மனசு வரும்?

"அவருக்கும் இதே சீக்குதானுங்களே. எனக்கு இருக்குதுன்னு சொன்னதுமே, அப்ப எனக்கும் இருக்கும்னு அவரே சொல்லிப் போட்டாருங்க. அவருக்குக் குடுக்காம நான் மட்டும் எப்படீங்க திங்கறது?"

பாதி மருந்து போனால் கிருமி சாகாது, மருந்தைப் பழகிக்கொள்ளும், அப்புறம் முழுசாகக் கொடுத்தாலும் அசையாது என்று சொன்னேன். "நீயும் அவருமா ரெண்டு பேர்னு நெனைக்கற. வயித்துல ஒண்ணு இருக்கே. ஒரு மாத்திரைய மூணு பேரு பங்கு போடறீங்க கண்ணு. யாருக்கும் பத்தல" என்றேன். அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, தெளிவாக ஒன்று சொன்னாள். "அவருக்கு ஒண்ணும் இல்லாம நான் முழுசாச் சாப்புட மாட்டேனுங்க. அவரு இல்லாம இந்தப் புள்ளைய வெச்சுட்டு நான் என்ன பண்றது?"

ஆக, பெரியசாமி வந்தால்தான் குழந்தை பிழைக்கும். வரச் சொல்லு என்றேன். வர மாட்டார் என்றாள். ஏன் என்றேன். பஸ்ஸால் என்றாள்.

மலையில் இருந்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கொல்லிமலை பஸ்ஸில் ஏறினால் முதலில் கேட்பது "எங்க போறீங்க?" என்றுதான். கண்டக்டர் கேட்பதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்டுவிடுவார். அது துப்பு விசாரிக்கிறது இல்லை, மரியாதை. கேட்காவிட்டால்தான் கோபம். பதில் சொல்லாமல் இருக்க முடியாது. சும்மா ஒரு பதிலைச் சொல்லிவிட்டும் தப்ப முடியாது. கடைக்கு என்றால் "அப்ப எனக்கு ஒரு மம்பட்டி வாங்கியாங்க" என்பார்கள். சொந்தக்காரர் வீட்டுக்கு என்றால் யார், எந்த வழியில் சொந்தம் என்று போகும். ஒரு தரம் சமாளிக்கலாம். மாதா மாதம் போகிற ஆள் என்ன சொல்வான்? பூங்கொடிக்கு வயிறு இருந்தது. "செக்கப்புக்கு" என்றால் "பத்திரமாப் போயிட்டு வா சாமி" என்று எழுந்து இடம் கொடுப்பார்கள். திடகாத்திரமான ஆம்பளைக்குப் பதில் இல்லை. வைத்தியத்துக்குப் பயந்தோ சாவுக்குப் பயந்தோ அல்ல, அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் அந்த மனுஷன் பாக்குவெட்டியில் வெட்டிய பாதியைத் தின்றுகொண்டிருந்தார்.

சீஃப்பிடம் போய்ச் சொன்னேன். "அந்தம்மாகிட்டயே ரெண்டு புட்டி குடுத்து அனுப்பிட்டா என்ன சார்?" என்று பையன் குறுக்கே விழுந்தான். "டீ சொல்லட்டுங்களா?" என்றார் அவர். ஆளைப் பார்க்காமல், நெஞ்சில் காசநோய் இருக்கிறதா, சிறுநீரகம் எப்படி என்று பார்க்காமல் மருந்தைக் கொடுத்து அனுப்பினால் என்ன ஆகும் என்று அவன் டம்ளர் காலியாகிற வரைக்கும் சொன்னான். அப்புறம் குமரேசன் சார் என் பக்கம் திரும்பினார்.

"அவருக்கு வேண்டியது மருந்து இல்லீங்க மேடம். ஒரு பதில். பஸ்ஸுல சொல்றதுக்கு. என்ன பதில் குடுக்கலாம், நீங்க சொல்லுங்க. உங்க ஊருதானே."

யோசித்தேன். "சந்தைக்கு மிளகு கொண்டுவருவார் சார்" என்றேன்.

அடுத்த சந்தை நாளில் சீஃப்பும் நானும் பேளுக்குறிச்சிக்குப் போனோம். சீஃப் ஒரு துணிப்பையோடு வந்திருந்தார். நாங்கள் வருவதைப் பூங்கொடி புருஷனிடம் சொல்லியிருந்தாள் என்பது, எங்களைப் பார்த்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டதிலேயே தெரிந்தது. எங்கள் முறைப்படி நாங்களும் அவரைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. சார் அவருடைய மிளகுச் சாக்குக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, பெரிய வியாபாரி மாதிரி இரண்டு மிளகை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். அவ்வளவுதான், கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

பெரியசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மலை மிளகுங்க. மெதுவாக் கடிக்கோணும்."

சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுக்கு மாசாமாசம் மிளகு வேணுங்க. நீங்களே கொண்டாந்து போட முடியுங்களா?"

பெரியசாமி கையிலிருந்த படியைக் கீழே வைத்தார். அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்த வாசல்லீங்க வாரது?"

"பின்வாசலுங்க. சமையல்கட்டு வழி. அந்தப் பக்கம் கூட்டம் இருக்காது."

"மிளகை ஆரு வாங்கிக்குவாங்க?"

"இந்த மேடம் வாங்கிக்குவாங்க. தரம் பார்த்துத்தான் வாங்குவாங்க. கொஞ்ச நேரம் ஆகும், நீங்க இருக்கோணும்."

அவர் சாக்குக்குள் கையை விட்டு மிளகை அளைந்துகொண்டே இருந்தார். சந்தை அது பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. கடைசியில், தலையை நிமிர்த்தாமல், எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நான் வந்தா அவ முழுசாச் சாப்புடுவாளுங்களா?" என்று கேட்டார்.

"சாப்புடுவாங்க" என்றேன்.

"அப்ப வாரனுங்க."

பக்கத்தில் கடுகும் சீரகமும் விற்றுக்கொண்டிருந்தவர் காதில் ஆஸ்பத்திரி மிளகுப் பேச்சு விழுந்துவிட்டது. "ஏப்பா பெரியசாமி, ஆஸ்பத்திரி ஆர்டரா? குடுத்து வெச்சவன்டா நீ!" என்று சந்தைக்கே கேட்கும்படி கத்தினார். அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் பெரியசாமி மலையேறுவதற்குள் சேதி ஏறிவிட்டது. எங்கள் வேலையை அந்தக் கடுகுக்காரர் முடித்துக் கொடுத்துவிட்டார். மகராசன், நன்றாக இருக்கட்டும்.

வந்தார். மிளகு மூட்டையோடு பின்வாசலில் நின்றார். "ஆரைக் கேட்டு மிளகு?" என்று எங்கள் சமையல்காரர் மாரியண்ணன் கரண்டியோடு குறுக்கே நிற்க, நான் ஓடிப்போய் உள்ளே கூட்டிவந்தேன். ரத்தம் எடுத்தோம், படம் எடுத்தோம். எதிர்பார்த்தது இருந்தது. பயந்த காசநோய் இல்லை. எல்லா முடிவும் வந்து அடுத்த நடை மூட்டையோடு வந்தபோது, சீஃப் ஒரு புது மாத்திரைப் புட்டியை அவர் கையில் வைத்தார். "இது உங்களுது. முழுசா. பாக்குவெட்டிக்கு இனிமே பாக்கு மட்டும் போதுங்க" என்றார். பெரியசாமி புட்டியை மடியில் கட்டிக்கொண்டு இரண்டு கையும் கூப்பினார்.

பூங்கொடி அன்றிலிருந்தே முழு மாத்திரை. கூடவே கிருமியை வேகமாக இறக்குகிற இன்னொரு மாத்திரையும் சேர்த்தோம். நேரம் கம்மியாக இருந்தது. திரும்ப எடுத்த பரிசோதனையின் முடிவு வருவதற்குள் வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. என் கையில்தான் வாங்கினேன். பிறந்ததும் சொட்டு மருந்து ஆரம்பித்தோம். தாய்ப்பால் மட்டும்தான், சர்க்கரைத் தண்ணி கூடாது, கழுதைப் பால் கூடாது, யார் சொன்னாலும் நாக்கில் எதையும் தடவக் கூடாது என்று பூங்கொடியிடம் நூறு தரம் சொன்னேன். மாமியார் சங்கடையில், அதாவது பாலாடையில், நாட்டு மருந்தோடு நின்றதாகவும், இவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மிளகுத் தோட்டத்துக்குள் போய்விட்டதாகவும் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

ஆறாவது வாரம் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தோம். இல்லை என்று வந்தது. ஆனால் பால் குடிக்கிற பிள்ளைக்கு அது முடிவான முடிவு இல்லை. ஒன்றரை வயதில் எடுப்பதுதான் கடைசி. அதற்குள் என் பயிற்சி முடிந்து, அதே ஆஸ்பத்திரியில் டாக்டராகச் சேர்ந்துவிட்டேன். அந்த ஒன்றரை வருடமும் பாப்பாவுக்குச் சளி பிடித்தால் எனக்குக் காய்ச்சல் வரும். கடைசிப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த அன்று சீஃப் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மேடம், டீ சொல்லட்டுங்களா?"

"நான் என்ன சார் பண்ணுனேன்?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணலீங்க. இது சும்மா டீ" என்று பரிசோதனை முடிவை என் பக்கம் திருப்பினார். இல்லை. சுத்தமாக இல்லை. மிளகு கடித்த அன்றைக்கு இருந்த மாதிரியே அவர் கண் இருந்தது. அந்த ஆஸ்பத்திரி டீ உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சமையல்கட்டில் காத்திருந்த பெரியசாமியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் மிளகு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். பூங்கொடி குழந்தையைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்று வாய்விட்டு அழுதாள். விஷயம் தெரியாத மாரியண்ணன், "மிளகு வேண்டாம்னு சொல்லிட்டாங்களா?" என்று பதறிப்போய்க் கேட்டார்.

அதற்கப்புறம் எங்கள் ஆஸ்பத்திரியில் மலையிலிருந்து முதல் தரம் யார் வந்தாலும், எடை பார்ப்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பஸ்ஸுல கேட்டா என்ன சொல்லுவீங்க?" பதில் இருந்தால் சரி. இல்லாதவர்களுக்கு உட்கார்ந்து ஒரு பதில் செய்து கொடுப்போம். ஒருவர் காப்பிக்கொட்டை போட வந்தார். ஒருவர் மலைவாழை. ஒரு அம்மாள் கைவேலை படிக்க வந்தார், நிஜமாகவே நன்றாகத் தைக்கவும் கற்றுக்கொண்டார். பலாக் காலத்தில் சமையல்கட்டில் கால் வைக்க இடம் இருக்காது. "மேடம், இது ஆஸ்பத்திரியா மண்டியா? ரசத்துல மிளகு தூக்கலா இருக்குதுன்னு வார்டே இருமுது" என்று மாரியண்ணன் மாதம் ஒரு தரம் வந்து சண்டை போடுவார். போன வருடம் எனக்குப் பிரிவு உபசாரம் செய்தபோதுகூட, பொங்கலில் முந்திரியைவிட மிளகுதான் அதிகம்.

இதைத்தான் போனில் கேட்ட அந்தப் பெண்ணுக்குச் சொல்ல நினைத்தேன். மாத்திரை ஒன்றுதான் கண்ணு. அதை எழுத ஒரு நிமிஷம்கூட ஆகாது. அது யார் வீட்டில் எத்தனையாகப் பிரிகிறது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு ஒரு வருடம் வேண்டியிருந்தது. உனக்கு இன்னும் சீக்கிரம் வரலாம். போய்ச் சேர்.

ஒன்றே ஒன்று பாக்கி. போன மாதம் செம்மேட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு நிறுத்தத்தில் பெரியசாமி மூட்டையோடு ஏறினார். கூட அவர் மகள், அன்றைக்கு என் இடுப்பில் இருந்த பாப்பா. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், இரட்டைச் சடை, வாயெல்லாம் பேச்சு. எனக்கு முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். பழக்கதோஷம், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இத்தனை வருடத்தில் பெரியசாமி வெளியிடத்தில் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை.

பக்கத்துச் சீட்டு அம்மாள் ஆரம்பித்தார். "எங்க கண்ணு போறீங்க அப்பனும் மகளும்?"

"ஆஸ்பத்திரிக்குங்க!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள் அவள். "எங்கய்யனோட மிளகு போடப் போறேன்!"

"ஆஸ்பத்திரிக்கா? ஏஞ்சாமி, ஆருக்கு என்ன?"

"ஆருக்கும் ஒண்ணுமில்லீங்க. மிளகு மட்டுந்தான்."

அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அவளைப் பொறுத்தவரை அது முழு உண்மையும்கூட. அவள் அப்பனுக்காக நாங்கள் சந்தையில் குந்தி உட்கார்ந்து செய்த பதில், அவள் வாயில் வெறும் பதிலாக இருந்தது. நான் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

பெரியசாமிதான் திரும்பினார். சீட்டுக் கம்பியில் கையை வைத்து, உடம்பு முழுவதும் என் பக்கம் திரும்பி, சத்தமாகக் கேட்டார். "டாக்டரம்மா, நல்லா இருக்கீங்களா?"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். பக்கத்துச் சீட்டு அம்மாள், "உங்களுக்கு இவங்களத் தெரியுங்களா?" என்று அவரைக் கேட்டார்.

"தெரியாம இருக்குங்களா? பாப்பா பொறந்தப்ப இவங்க கையிலதானுங்க விழுந்துச்சு" என்றார் அவர்.

"நல்லா இருக்கேன் பெரியசாமி" என்றேன், நானும் பஸ் முழுக்கக் கேட்கும்படி.